பங்கு என்னும் ஒரே சொல்

பங்கு என்னும் சொல் நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. சங்கத்தில் சேர்ந்த நாளில் பங்குத் தொகை செலுத்தி ரசீது பெற்றவர்கள்தாம் நாம் யாவரும். அந்தப் பழக்கமே மனிதனை ஏமாற்றிவிடக்கூடும் என்பதை 2021-ஆம் ஆண்டின் இறுதியில் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

செல்பேசி வழியே வியாபாரம் நடத்தும் புதிய கம்பெனிகள் அப்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பங்குச் சந்தைக்கு வந்தன. வீட்டுப் பிள்ளைகள் சிறிது நேரத்திற்குள் டிமாட் கணக்குத் தொடங்கித் தந்தார்கள். நூல் கொள்முதலுக்கு ஒதுக்கியிருந்த தொகையிலிருந்து 18,000 ரூபாயை எடுத்து, அத்தகைய கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கினோம். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. முதல் வாரம் விலை ஏறிற்று. தறியில் அமர்ந்து இழை அறுந்ததையும் கவனியாமல் செல்பேசியைப் பார்த்திருந்தோம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த கோடைக்குள் பாதிக்கு மேல் கரைந்தது. 7,900 ரூபாய்க்கு விற்றுவிட்டு, தீபாவளி நெசவுக்கு நூல் வாங்கக் கடன்பட்டோம்.

நூல் வாங்கும்போது நாம் நம்பரைப் பார்க்கிறோம், முறுக்கைப் பார்க்கிறோம், சந்தேகம் தோன்றினால் ஒரு சிட்டத்தை அவிழ்த்தும் பார்க்கிறோம். இந்தக் கம்பெனியோ ஆண்டுதோறும் நஷ்டமடைந்ததையும், மேலும் நஷ்டம் வரக்கூடும் என்பதையும் தன் வெளியீட்டு விளக்கப் பத்திரத்தில் தானே அச்சிட்டிருந்தது. நாம் அதைப் படித்தது விற்ற பிறகு!

மற்றொன்றும் பிறகே விளங்கிற்று. சங்கத்திற்குக் கட்டிய பங்குத் தொகை சங்கத்தின் மூலதனமாகிறது. விலகினால் விதிகளின்படி அத்தொகைதான் திரும்பும். பங்கு எத்தனையாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கே. சந்தையில் நாம் கொடுத்த 18,000 ரூபாயில் ஒரு காசும் அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. நமக்கு முன் வாங்கியிருந்த எவரோ அதைப் பெற்றுக்கொண்டு அகன்றார். நமக்குப் பின் வாங்குவோர் என்ன கொடுக்கச் சம்மதிக்கிறார்களோ அதுவே நம் பங்கின் விலை.

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தொழில்நுட்பக் கம்பெனிகள் மிகுந்த நாஸ்டாக் சந்தையின் குறியீட்டெண் 2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளியைத் தொட்டு, 2002 அக்டோபரில் 1,114 ஆக வீழ்ந்தது. பழைய உச்சத்தைக் கடக்க 2015 வரை ஆயிற்று. இணையம் பொய்த்துப் போகவில்லை. உலகெங்கும் பரவத்தான் செய்தது. கொடுத்த விலைதான் மிகை.

ஆயினும் பங்குச் சந்தை முழுவதும் சூதே என்று கூறும் பெரியோர்களுடன் நாம் உடன்படவில்லை. 1993-இல் இன்போசிஸ் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. பிற்காலத்தில் அது நாட்டின் பெரிய கம்பெனிகளுள் ஒன்றாயிற்று. ஆரவாரம் மிகுந்த இடத்தில் நஷ்டமும், ஆளில்லாத இடத்தில் லாபமும் இருக்கக்கூடும் போலும்.

நம் அபிப்பிராயத்தில், நூலுக்கும் விதைக்கும் உரமிடவும் வைத்த பணம் அங்கே போகவே கூடாது. அப்பணத்திற்குத் தவணை நாள் உண்டு. சந்தை நம் தவணைக்குக் காத்திராது. பல ஆண்டுகள் தேவைப்படாத தொகை இருப்பின், பிள்ளைகள் வாங்கட்டும். வாங்குமுன் லாப நஷ்டக் கணக்கை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டட்டும்.

நாம் அந்த டிமாட் கணக்கை மூடவில்லை. நூல் கடன் சென்ற தைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. இப்போது வேறொரு கம்பெனியின் மூன்றாண்டுக் கணக்குகளை வைத்துக்கொண்டு படித்துவருகிறோம். இரண்டாம் ஆண்டில் கடன் ஏன் பெருகிற்று என்பது இன்னும் விளங்கவில்லை. விளங்கும்வரை வாங்குவதாக இல்லை.