ஒரே வாய், இரண்டு நாக்கு

தேர்தலில் பிடித்த வேட்பாளர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஓட்டுப் போடலாம் என்பது ஒப்புதல் முறை. இதை எதிர்க்கும் ஒரு கட்டுரையைப் படித்தேன். இதில் ஒரே வாக்காளருக்குப் பல ஓட்டு கிடைக்கிறதாம், அநியாயமாம். இப்படிப் பொங்கும் கட்டுரையாளர், அடுத்த பத்தியிலேயே யாரும் ஒருவருக்கு மேல் போடுவதில்லை, அதனால் முறையே வீண் என்கிறார். யாருமே தொடாத சலுகையால் யாருக்கு அநியாயம்? முதல் பத்தியை எழுதியவரும் இரண்டாவதை எழுதியவரும் ஒருமுறை சந்தித்துப் பேசியிருக்கலாம்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் எல்லாருக்கும் கிடைப்பது ஒரே ஒரு குறி. நால்வர் நிற்கும் தேர்தலில் நால்வருக்கும் குறியிட்டவர் வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவருக்குச் சமம். யாரையும் யாருக்கும் மேலே அவர் தள்ளவில்லை. எங்கே அந்தக் கூடுதல் பலம்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைக் கட்டுரையாளர் மறந்தும் தொடவில்லை. தொட்டால் சுடும். 2017இல் அங்கே மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் லைடா க்ரூசன் 32 சதவீதத்தில் ஜெயித்தார். டிஷாரா ஜோன்ஸ் தோற்றது 888 ஓட்டில். அந்த ஊரில் அப்போது அந்தக் கட்சியின் வேட்பாளரானால் பாதி மேயர் அல்ல, முக்கால்வாசி மேயர். மீதி 68 சதவீதம் பேர் க்ரூசனை ஏற்றார்களா, வெறுத்தார்களா? பழைய ஓட்டுச்சீட்டு அதைக் கேட்கவே இல்லை.

2020 நவம்பரில் மக்களே வாக்களித்து ஒப்புதல் முறைக்கு மாறினார்கள். 2021 மார்ச்சில் கட்சி பேதமற்ற முதல்நிலை. ஜோன்ஸ் 57, கேரா ஸ்பென்சர் 46, லூயிஸ் ரீட் 39, ஆண்ட்ரூ ஜோன்ஸ் 14 சதவீதம். கூட்டிப் பாருங்கள்: 156. ஆளுக்கு ஒன்றுதான் போட்டார்கள் என்றால் 100தானே வர வேண்டும்? 2025இல் இந்தக் கூட்டுத்தொகை 140 ஆகக் குறைந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு பதவியிலிருந்த ஜோன்ஸை ஏற்றவர்கள் 33 சதவீதம், ஸ்பென்சரை ஏற்றவர்கள் 68. "யாரையும் நோகடிக்காத சப்பை வேட்பாளரே வெல்வார்" என்று பயமுறுத்துகிறவர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம்: ஃபார்கோ நகரமே ஒப்புதல் முறையைக் கைவிட்டுவிட்டதாம்! 2018இல் ஓட்டுப் போட்டு இதைக் கொண்டுவந்தவர்கள் ஃபார்கோ மக்கள். 2025இல் தடை செய்தது வடக்கு டகோட்டா மாநிலச் சட்டமன்றம். கொள்ளை போன வீட்டைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் நகையை வேண்டாமென்று வீசிவிட்டார் என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.