பேச வைக்கும் பலகை

ஒரு மொழி வாழ்வதற்குப் பாடநூல் மட்டும் போதாது. வீட்டில் அம்மொழிக்கு நாள்தோறும் ஏதேனும் ஒரு வேலை இருக்க வேண்டும். தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுகின்றனர். வீட்டுத் தமிழ் ‘சாப்பிட்டாயா?’, ‘படித்தாயா?’ என்னும் சில வினாக்களுக்குள் சுருங்கிவிடுகிறது. கோடை விடுமுறையில் ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்தால், நலம் விசாரித்த பிறகு பேச்சு நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் பள்ளி பாட்டிக்குத் தெரியாது. பாட்டியின் ஊர் பிள்ளைகளுக்குத் தெரியாது. இருவரிடமும் அன்பு இருக்கிறது. ஆனால் சேர்ந்து செய்வதற்கு ஒரு செயல் இல்லை.

அச்செயலாக அமையும் தகுதி வீட்டு விளையாட்டுகளுக்கு உண்டு. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பரமபதம் ஆகியவை பழம்பெருமைக்காக அலமாரியில் வைக்கப்பட வேண்டியவை அல்ல. ஊரை விட்டு வெகுதொலைவில் வாழும் குடும்பங்கள் இன்றே எடுத்து விளையாட வேண்டியவை அவை.

தாயத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டுவர். ‘தாயம்’ எனப்படும் ஒன்று விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். எதிரியின் காய் நிற்கும் கட்டத்தை அடைந்தால் அதை ‘வெட்டலாம்’. ‘மலை’ என்னும் குறியிட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட இயலாது. சுற்று முடித்து நடுவை அடைந்த காய் ‘பழம்’ ஆகும். இச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் பிள்ளை மறுநாளே மறந்துவிடக்கூடும். தன் காய் வெட்டுப்படும் நிலையில் நிற்கும்போது அச்சொற்களைக் கேட்கும் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைகளில் 14 குழிகள் உள்ளன. புளியங்கொட்டைகளையோ சோழிகளையோ குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே செல்ல வேண்டும். எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் கை எங்கே முடியும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவரே வெல்வர். தமிழ் எண்களைத் தடுமாறிச் சொல்லும் பிள்ளையும், பாட்டியை வெல்ல வேண்டும் என்ற ஆவலால் விரைவாக எண்ணத் தொடங்கிவிடும்.

ஆடுபுலி ஆட்டம் வேறொரு பாடத்தைத் தருகிறது. ஒருவரிடம் மூன்று புலிகள். மற்றவரிடம் பதினைந்து ஆடுகள். புலி தாவி ஆட்டை வெட்டும். ஆடுகளோ புலிகளை நகரவிடாமல் சூழ்ந்து அடைக்க வேண்டும். தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படும். சேர்ந்து நிற்கும் ஆடுகள் புலியை மடக்கும். இங்கே வயதுக்கோ உறவுக்கோ சலுகை இல்லை. வீட்டில் எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்கின்றனர். பலகையின் முன் மட்டும் தாத்தாவும் பேத்தியும் ஒரே விதிக்குக் கட்டுப்படுகின்றனர். பேத்தி வென்றால் தாத்தா அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தோற்றால் அவள் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தோல்வியைத் தாங்கப் பழகுவதற்கு, அன்பு செலுத்துவோர் சூழ்ந்திருக்கும் வீட்டைவிடச் சிறந்த இடம் இல்லை.

வீட்டில் தொடங்கும் விளையாட்டு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு விசுவநாதன் ஆனந்த் சான்றாவார். அவர் ஆறு வயதில் தம் தாயிடம் சதுரங்கம் கற்றார். தந்தையின் பணியின் பொருட்டு அக்குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் வாழ்ந்தது. மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களைத் தாய் குறித்து வைத்தார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டனர். 1988ஆம் ஆண்டில் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எல்லாப் பிள்ளைகளும் அவரைப்போல் ஆக வேண்டியதில்லை. எனினும், அயலூரில் ஒரு தாயும் மகனும் ஒரு பலகையைச் சுற்றி அமர்ந்த அம்மாலைப் பொழுதுகள் எந்தக் குடும்பத்துக்கும் எட்டாதவை அல்ல.

இவ்விளையாட்டுகளெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே, பலகை எதற்கு எனச் சிலர் வினவுவர். தொலைவில் இருக்கும் உறவினருடன் ஆடுவதற்குக் கைப்பேசி உதவுவது உண்மைதான். ஆனால் அங்கே எண்ணிக்கையைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. விதியையும் கருவியே காக்கிறது. வாய் திறவாமல் ஆடி முடித்துவிடலாம். பலகையில் அவ்வாறு இயலாது. கட்டை சாய்ந்து நின்றால் ‘இது செல்லுமா, செல்லாதா’ என்று வாதிட வேண்டும். ‘நீ ஒரு கட்டம் கூடுதலாக நகர்த்திவிட்டாய்’ என்று சுட்டிக்காட்ட வேண்டும். வழக்குரைக்கவும் மறுக்கவும் இணங்கவும் மொழி தேவைப்படுகிறது. குறையாகத் தோன்றும் இச்சிறு சச்சரவுகளே இங்குப் பயனாகின்றன.

தாயமும் சீட்டும் சூதுக்கு வழிவகுக்கும் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. திருக்குறளில் ‘சூது’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. பாரதக் கதையில் தருமன் நாட்டை இழந்ததும் பகடையால்தான். ஆனால் அங்கெல்லாம் கேடு செய்தது பந்தயம் வைக்கப்பட்ட பொருளேயன்றி, ஆட்டம் அன்று. காசு வைத்து ஆடுவதில்லை என்பதை வீட்டின் முதல் விதியாகக் கொண்டால் அவ்வச்சம் நீங்கும்.

இவற்றை ஆடுவதால் பிள்ளைகள் தாம் வாழும் ஊரிலிருந்து விலகிவிடமாட்டார்கள். தாயத்தின் உறவினமாகிய பச்சீசி வட இந்தியாவில் நெடுங்காலமாக ஆடப்படுகிறது. ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் பச்சீசிக் களம் கல்லில் அமைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பச்சீசியிலிருந்து பிறந்ததே லூடோ. பல்லாங்குழியைக் கன்னடர் ‘அளிகுளி மணெ’ என்றும் தெலுங்கர் ‘வாமன குண்டலு’ என்றும் அழைப்பர். தாயம் அறிந்த பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளையின் பச்சீசியை விரைவில் புரிந்துகொள்ளும். தன் தாயத்தையும் அப்பிள்ளைக்குக் கற்பிக்கும்.

இதற்குப் பெரும் செலவும் இல்லை. தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரையலாம். பித்தளைக் கட்டைக்கு மாற்றாக, ஒரு பக்கம் வெண்மையாகத் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டலாம். பல்லாங்குழிப் பலகை இல்லையெனில் 14 கிண்ணங்கள் போதும். வாரத்தில் ஒரு மணி நேரம், கைப்பேசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, குடும்பத்தினர் அனைவரும் அமர்ந்தால் போதுமானது.

மேலும் ஒரு பணி உள்ளது. இவ்விளையாட்டுகளின் விதிகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுபடும். அவற்றுள் பல எந்த நூலிலும் இல்லை. முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் மறைந்தால் அவ்வீட்டு விதிகளும் மறையும். எனவே, ஆடக் கற்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு விதிகளைப் பெரியவர்களிடம் கேட்டு, தன் கையாலேயே தமிழில் எழுதி வைத்தல் வேண்டும்.