சுவருக்கும் மருந்தடிக்காதீங்க

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரே புலம்பல்தான். உள்சுவரில் பெயிண்ட் கொப்புளம் விடுது, தொட்டா காரை பொலபொலன்னு உதிருது. உடனே பட்டி மாவு ஒரு மூட்டை, 'வாட்டர் புரூஃப்' பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி அடிச்சு முடிச்சுடுறாங்க. அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி பொரியுது. இலையில் புள்ளி விழுந்தா மருந்தைத் தேடாதே, மண்ணைப் பாருன்னு ஊருக்குச் சொல்ற இயற்கை உழவர்களும் வீட்டுச் சுவருக்கு மட்டும் மருந்தடிப்பது சரியில்லை என்பது என் கருத்து.

கொப்புளம் வெறும் அறிகுறி. சுவருக்குள் போன ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு படிகமாகிப் பருத்து, காரையைத் தள்ளுகிறது. மேலே பெயிண்ட் படலம் மூடியிருந்தால் அதையும் சேர்த்துத் தூக்குகிறது.

ஆகவே முதல் வேலை, ஈரம் வரும் வழியைக் கண்டுபிடிப்பது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பட்டையாக உதிர்ந்தால் நிலத்து ஓதம். கூரையை ஒட்டி என்றால் தளத்தில் ஒழுக்கு. ஒரே இடத்தில் திட்டாக என்றால் குழாயைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் காற்றோட்டம் போதவில்லை. தெருவில் ரோட்டு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிவிட்டதா, சுவரை ஒட்டி வாழைக்குத் தண்ணீர் பாய்கிறதா என்றும் பாருங்கள்.

பால்மாட்டுக்குப் பேர் போன ஊர் இது. பழைய தொழுவத்தை அறையாக மாற்றியிருந்தால் தனிக் கவனம் வேண்டும். மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணிலும் சுவரிலும் வெடியுப்பு சேரும். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் வெடியுப்பு காய்ச்சி எடுத்தார்கள். ரசாயன உர மூட்டை அடுக்கியிருந்த அறையிலும் இதே கதைதான். இந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். எந்த பெயிண்டும் நிற்காது. உப்பேறிய காரை முழுவதையும் எடுத்துத்தான் ஆகணும்.

வழியை அடைத்த பிறகு, கெட்ட இடத்துக்கு மேலும் ஓரடி சேர்த்துக் கொத்தி எடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். பிறகு காயவிடுங்கள். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. தையில் கொத்தினால் கோடை முடிவில் பூசலாம். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பாதி வேலை வீணாகிறது.

சிமெண்டுச் சாந்தில் கட்டிய சுவருக்கு, ஈரம் நின்றபின் சிமெண்டுப் பூச்சே போதும். மண்ணிலோ சுண்ணாம்பிலோ கட்டிய சுவருக்கு அது ஆகாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சலித்த மணல் மூன்று பங்கு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டுக் காக்கணும். மேலே பட்டியும் எமல்ஷனும் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் சிமெண்டுத் தொழிலோடும் தொடர்புள்ள ஊர். பக்கத்தில் ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம், செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையுமாக நிற்கிறது. இரண்டுக்கும் மூலம் சுண்ணாம்புக்கல்தான். எந்தச் சுவருக்கு எது என்பதே கேள்வி. கோபுரத்துக்கும் அவ்வப்போது திருப்பணி உண்டு. பராமரிப்பே வேண்டாத சுவர் எங்கும் கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைத் தண்ணீர் தெளித்து, முகமூடி கட்டிச் சுரண்டுங்கள். குழந்தைகள் அருகில் வேண்டாம். சுரண்டியதைக் குப்பைக்குழியிலோ வயலிலோ கொட்டவே கொட்டாதீங்க. ஈயம் மண்ணில் மக்காது.

இதையெல்லாம் உழவர் பத்திரிகையில் ஏன் எழுதணும்? நம் விதை இருப்பது அந்தச் சுவரோரம்தானே. வெயிலில் காயவைத்து எடுத்த நெல்லும் உளுந்தும் ஓதச் சுவரில் சாய்ந்திருந்தால் ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும், முளைப்பு குறையும். மரபு விதை ஒரு வீட்டில் போனால் சில சமயம் ஊருக்கே போய்விடும். சுவர் சரியாகும் வரை மூட்டைகளை ஓரடி தள்ளி, கட்டை மேல் ஏற்றி வையுங்கள். அதை இன்றைக்கே செய்யலாம்.