அடை கிடக்கும் கோழி



ஸ்பெயினின் மினோர்கா தீவுப் பெயர்கொண்ட கருங்கோழி பெரிய வெள்ளை முட்டை இடும். அடை கிடப்பது அரிது. வெள்ளை லெகோனும் அப்படியே. உரும்பிராய் வளவுகளில் கிளறித் திரியும் எங்கள் ஊர்க்கோழியோ 21 நாளும் அடை கிடந்து, குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்து வளர்க்கும்.

ஆகவே நல்லின முட்டை கிடைத்தால் ஊர்க்கோழியின் கீழ் 10 முட்டை வையுங்கள். ஏழாம் நாள் இரவு ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நரம்போடாதவற்றை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளுக்குக் குறுணலுடன் குஞ்சுத்தீனும், ஆழமில்லாத சட்டியில் தண்ணீரும் வையுங்கள். காகம், பிராந்து, கீரி அண்டாமல் மூடிய கூடு வேண்டும். ராணிக்கெட் நோய் வந்தபின் மருந்தில்லை. முன்கூட்டியே கால்நடை வைத்தியரிடம் தடுப்பு மருந்து கேளுங்கள்.

முட்டைக்காசு சிறிதுதான். ஆனாலும் தனித்துக் குடும்பம் சுமப்பவளுக்கு, எவரிடமும் கையேந்தாமல் பிள்ளைக்குக் கொப்பி வாங்க அது போதும்.