கத்தி நின்னு போச்சு, வேலை நிக்கலியே!

போன மாசம் நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, பெல்ட் பையில் இருந்த மடக்குக் கத்தியை விரித்து இடுக்கில் செருகி நெம்பினேன். மூடி திறக்கவில்லை. கத்தி பாதியில் டக்கென்று ஒடிந்தது. நெம்புறதுக்குன்னே அதே கத்தியில் ஒரு ஸ்குரூடிரைவர் நுனி இருக்கு. அவசரத்தில் அதை விட்டுட்டு பிளேடை விரிச்சது என் தப்பு.

அது அப்பாவோட கத்தி. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா கொண்டுவந்து கொடுத்தது. எலுமிச்சையில் நீர்ப்போத்து கழிக்க, கன்றில் ஒட்டு கட்ட, உர மூட்டையின் தையலை அறுக்க, பியூஸ் வயரின் தோலை உரிக்க என எல்லாத்துக்கும் அதுதான். அதில் இருக்கும் துளைபோடும் ஊசியால் சொட்டுநீர் டியூபில் எத்தனை ஓட்டை போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்பா போன பிறகு பெல்ட்டை நான் கட்டவில்லை, ரொம்ப நாள் ஆணியில் தொங்கியது. கத்தியை மட்டும் மறுநாளே எடுத்துக்கிட்டேன்.

ஊர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, அருவான்னா புதுசா அடிச்சே குடுத்துருவேன். இது ரிவிட்டுல நிக்கிற சாமான். கழட்டிட்டா மறுபடி இதே இறுக்கம் வராது. வேற வாங்கிக்கிடுங்க" என்றார். உண்மையைச் சொன்னார்.

சரி, வேற வாங்கணும்னா இது எந்தக் கத்தின்னு தெரியணுமே. பேர் அழுக்கில் மறைஞ்சு போயிருந்தது. உங்கள் வீட்டு மேசை டிராயரிலும் இப்படி ஒரு கத்தி கிடக்கலாம் என்பதால், நான் பார்த்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் மடக்கி வைத்து நீளத்தை அளக்கணும். என்னுடையது 93 மில்லிமீட்டர். அடுத்தது கைப்பிடி: பிளாஸ்டிக் இல்லை, சொரசொரப்பான வெள்ளி நிற அலுமினியம், அதில் கேடயத்துக்குள் சிலுவை. மூன்றாவது, உள்ளே இருக்கும் சாமான்கள்: பிளேடு, டின் திறப்பான், வயர் உரிக்கும் வெட்டோடு கூடிய பாட்டில் திறப்பான், துளை ஊசி. கடைசியாக, பிளேடு கைப்பிடிக்குள் நுழையும் அடிப்பாகம். கம்பெனிக்காரன் முத்திரை குத்துற இடம் அது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். விக்டோரினாக்ஸ் என்ற பேரும், 81 என்ற எண்ணும் தெரிந்தன.

அது ஸ்விஸ் ராணுவ வீரர்களுக்காகச் செய்த மாடல். 1961இல் வந்தது. விக்டோரினாக்ஸ், வெங்கர் என்று இரண்டு கம்பெனிகள் செய்தன. 2005இல் வெங்கரை விக்டோரினாக்ஸே வாங்கிவிட்டது. அந்த ரெண்டு இலக்கம்தான் செய்த வருஷம். "நீ பொறக்கும் முன்னாலயே வந்த கத்தி"ன்னு அப்பா எப்பவும் சொல்வார். நான் பிறந்தது 1979. ஆக, கத்தி எனக்குத் தம்பி. இதைச் சொல்லிச் சிரிக்க அப்பா இல்லை.

2008இல் ராணுவம் வேறு மாடலைத் தேர்ந்தெடுத்தது. பழசு நின்னு போச்சு. சென்னையில் இருக்கும் என் தங்கச்சி மகன் போனில் சொன்னான்: "மாமா, அதுக்குப் பதிலா வந்த புதுசையே வாங்கிருங்க. பெருசு, லாக் இருக்கு, ஒரு கையால விரிக்கலாம், ரம்பம் கூட இருக்கு."

நான் வேண்டாம்னுட்டேன். என் கருத்தும் இங்கேதான். ஒரு பொருள் நின்னு போனா, கம்பெனி அதற்கு வாரிசு என்று எதைச் சொல்கிறதோ அதையே நாம் வாங்குகிறோம். போனில் இருந்து மிக்ஸி வரைக்கும் இதே கதைதான். ஆனால் வாரிசை முடிவு செய்ய வேண்டியது நம்ம வேலை, கம்பெனி இல்லை. புது ராணுவக் கத்தி 111 மில்லிமீட்டர். பெல்ட் பையில் இடிக்கும். பிளேடில் ஒரு பகுதி பல் பல்லாக இருக்கும். ஓட்டும்போது கயிறு அறுக்க அது நல்லது. ஒட்டு கட்டும்போது பட்டையைப் பிய்த்துவிடும். வெட்டு வழுவழுன்னு விழணும். போதாததுக்கு, பல் வச்ச பிளேடை எங்க தீட்டுக்கல்லில் தீட்ட முடியாது.

அதே கம்பெனியில் பயனியர் என்று ஒரு கத்தி இருக்கிறது. அதே 93 மில்லிமீட்டர், அதே அலுமினியம், அதே நாலு சாமான். சாவி வளையம் ஒன்று கூடுதல், வருஷ எண் கிடையாது. மற்றபடி கூடப் பிறந்தது மாதிரி. மருமகனை அதையே வாங்கி அனுப்பச் சொன்னேன். வந்த அன்றே ரெண்டு கன்றில் ஒட்டு கட்டிப் பார்த்தேன். கை எந்த வித்தியாசத்தையும் சொல்லவில்லை.

அதனால பழைய பொருளுக்கு மாற்று தேடுறவங்க, மாடல் பேரைத் தேடும் முன்னாடி, அது செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்க. அதன் பிறகு கடைக்குப் போங்க.

இன்னொன்றும் சொல்லணும். எங்கேயோ சுவிட்சர்லாந்தில் செய்த கத்தி. நின்னு போயும் அதன் வருஷத்தையும் உறவுக்காரக் கத்தியையும் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. காரணம், செய்தவன் முத்திரை குத்தியிருந்தான். எங்க ஆசாரி அடித்த அருவாளில் ஒரு எழுத்தும் கிடையாது. இத்தனை நாள் அது தேவைப்படவும் இல்லை; வாய் மழுங்கினால் நேரா பட்டறைக்குப் போவோம். அவர் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். உலை இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள்தான் எரியுது. அந்த அருவா நின்னு போற அன்னைக்கு எந்த அறிவிப்பும் வராது. எந்த இரும்பு, எவ்வளவு சூட்டில் தண்ணீர் காட்டணும், எந்த வளைவு எங்க ஊர் முள்ளுக்குத் தோதுன்னு கண்டுபிடிக்க, அடிப்பாகத்தில் எண்ணும் இருக்காது.

போன வாரம் ரெண்டு அருவாளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். "ரெண்டு எதுக்கு?" என்றார். ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு இருக்கட்டும் என்றேன். பிடியோரத்தில் அவர் பேரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் உளியால் கொத்தித் தரவும் கேட்டிருக்கிறேன். "இது என்ன அண்ணாச்சி புதுப் பழக்கம்" என்று சிரித்தார். செய்வார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒடிந்த கத்தியைத் தூக்கிப் போடவில்லை. பிளேடுதான் போச்சு, துளை ஊசி நல்லாத்தான் இருக்கு. மோட்டார் ரூம் ஆணியில், அப்பாவின் பச்சை பெல்ட்டோடு தொங்குகிறது.