கூட்டல் குறி கடைசியில் வரட்டுமே!

கால்குலேட்டர் என்றால் 3, +, 4, = என்று தட்டுவதுதான் இயல்பு என்று நினைத்துப் பழகிவிட்டோம். என் கட்சி வேறு. எண்களை முதலில் கொடுத்துவிட்டு, என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசியில் சொல்வதே தமிழ் பேசும் நமக்கு இயல்பு. "மூன்றையும் நான்கையும் கூட்டு" என்றுதானே சொல்கிறோம்? வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது?

இதற்கு ரிவர்ஸ் போலிஷ் முறை என்று பெயர். போலந்து நாட்டுத் தர்க்கவியல் அறிஞர் யான் வுகாசியேவிச், அடைப்புக்குறியே வேண்டாத ஒரு குறிமுறையை 1920களில் வகுத்தார். அவர் குறியை முன்னால் வைத்தார். அதைப் பின்னால் கொண்டுபோனதால் 'ரிவர்ஸ்'. 1972-ல் 395 டாலர் விலையில் வந்த எச்.பி-35, 1981-ல் வந்த எச்.பி-12சி இரண்டும் இந்த வழிதான். இவற்றில் = பொத்தான் கிடையாது; 'என்டர்' உண்டு.

உள்ளே நடப்பது சமையலறைச் சமாச்சாரம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். எடுக்கும்போது கடைசியாக வைத்தது முதலில் வருகிறது. இந்த அடுக்கில் நான்கு எண்களுக்கு இடம். + தட்டினால் கடைசி இரண்டு எண்களையும் எடுத்துக் கூட்டி, விடையை அதே இடத்தில் வைத்துவிடும்.

மூன்றையும் நான்கையும் கூட்டி, ஐந்தையும் ஆறையும் கூட்டி, வந்த இரண்டையும் பெருக்கவேண்டும். கடைக்காரர் வைத்திருக்கும் சாதாரண கால்குலேட்டரில் 3 + 4 × 5 + 6 என்று அப்படியே தட்டினால் 41 வரும். பெருக்கலை முதலில் செய்யும் சயன்டிஃபிக் கால்குலேட்டர் 29 என்னும். சரியான விடை 77. இங்கே 3 என்டர் 4 +, திரையில் 7. 5 என்டர் 6 +, திரையில் 11. அந்த 7 கீழே காத்திருக்கிறது. × தட்டினால் 77. அடைப்புக்குறி இல்லை, துண்டுக் காகிதம் இல்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் காரியம் இருக்கிறது. இரண்டு லட்சம் 7 சதவீதத்தில், ஒன்றரை லட்சம் 6.5 சதவீதத்தில் ஒரு வருடம் டெபாசிட் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 200000 என்டர் .07 ×, வட்டி 14,000. 150000 என்டர் .065 ×, வட்டி 9,750. +, மொத்தம் 23,750. ஒவ்வொரு படியும் கண்முன்னே வந்துபோகிறது. ஒரு பூஜ்யம் கூடிப்போனால் 1,40,000 என்று அங்கேயே பல்லைக் காட்டிவிடும்.

"போனில் முழுக்கணக்கையும் அடைப்புக்குறியோடு ஒரே வரியில் அடிக்கலாமே, தாத்தா" என்பார்கள் பிள்ளைகள். அடிக்கலாம். ஆனால் கடைசியில் ஒரே ஒரு எண்தான் வரும்; அதை நம்புவதைத் தவிர வழியில்லை. நம் பணத்தைப் பற்றிய கணக்கில், எப்படி வந்தது என்று தெரியாத விடையை ஒப்புக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

இந்த முறையில் இயங்கும் கால்குலேட்டர்கள் செல்பேசிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டு நாள் கை, = பொத்தானைத் தேடும். பிறகு வாயால் சொல்கிற வரிசையிலேயே விரலும் போகும்.