முதல்ல வந்தவனுக்கு மெடல் கிடையாது

"யார் முதல்ல அந்தக் கரையைத் தொடுறீங்கன்னு பார்ப்போம்!"

நீச்சல் கத்துக்கிட்ட எல்லாருக்கும் இந்தக் குரல் ஞாபகம் இருக்கும். இடுப்புல சுரைக்குடுக்கை கட்டிக் கிணத்துல கத்துக்கிட்டிருந்தாலும் சரி, கோடை லீவுல காசு கட்டிக் கத்துக்கிட்டிருந்தாலும் சரி, கடைசியில் எல்லாம் போட்டியில்தான் போய் நிற்கும். நான் எப்பவும் கடைசி. பத்தாவது நாள் காய்ச்சல்னு பொய் சொல்லி வகுப்பையே விட்டுட்டேன்.

போன மே மாசம் அக்கா பையனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போனப்போ வேற ஒரு காட்சி பார்த்தேன். பிள்ளைகளுக்கு நெஞ்சளவு தண்ணி. நாலு நாலு பேரா ரெண்டு அணி. ஒருத்தன் மிதக்கிற பாயில் உட்கார, மத்த மூணு பேரும் காலை உதைச்சுத் தள்ளணும். குறுக்கே கயிறு வந்தா தலையை முக்கி அடியில் போகணும். அடுத்து ஒரு வளையம். ஒருத்தர் பிடிச்சாத்தான் இன்னொருத்தர் நுழைய முடியும். கடைசியில், கரையேறினவங்க படுத்துக்கிட்டு நீளமான ஃபோம் குழாயை நீட்டி மிச்சம் இருக்கிறவங்களை இழுக்கணும். நாலு பேரும் கரையேறினாத்தான் ஆட்டம் முடியும். முகத்தைத் தண்ணியில் வைக்கவே பயந்த ஒரு குட்டிப் பொண்ணுக்காக, முன்னாடி போன பையன் திரும்பி வந்து வளையத்தைத் தூக்கிப் பிடிச்சான்.

பக்கத்தில் இருந்த ஒரு அப்பா சலிச்சுக்கிட்டார்: "நீந்தக் கத்துக்கத்தானே காசு கட்டினோம், விளையாடவா?"

நியாயமான கேள்விதான். கை வீச்சும் மூச்சும் கத்துக்காம யாரும் நீந்த முடியாது. ஆனா ஏரியிலும் ஆத்துலயும் லேன் கிடையாது. நெதர்லாந்தில் குழந்தைகள் முதல் நீச்சல் சான்றிதழ் வாங்கவே, உடுப்பும் செருப்பும் போட்டு நீந்திக் காட்டணும். தண்ணிக்கடியில் தொங்கும் திரையின் ஓட்டை வழியா நுழைஞ்சும் வரணும். கால்வாய் நிறைஞ்ச நாடு, அதான் அவங்களுக்குத் தடை தாண்டுறதும் நீச்சல்ல ஒரு பாகம்.

நம்ம ஊர்ச் செய்திகளை நினைச்சுப் பாருங்க. ஒருத்தன் மூழ்குவான், காப்பாத்த நண்பன் குதிப்பான், அவனை மூழ்கினவன் பயத்தில் கட்டிப்பிடிப்பான், ரெண்டு பேரும் போயிடுவாங்க. அந்த நண்பனிடம் பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. குதிக்காமல் எப்படி உதவுறதுன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் நாலு இளைஞர்கள் மூழ்கினப்போ, அங்கிருந்த மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி ரெண்டு பேரைக் காப்பாத்தினாங்க. மத்த ரெண்டு பேரைக் காப்பாத்த முடியலை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவங்களுக்கு அந்த நொடியில் தோணினதை எட்டு வயசுலயே பழக்கமாக்கிட முடியும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலோட பாதுகாப்பான மீட்பு முறையையும் கத்துக்கொடுக்கணும்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

ஒரு எச்சரிக்கை. நம்ம குரூப் ப்ராஜெக்ட் கதை தெரியும்ல? ஒருத்தன் உழைப்பான், மூணு பேர் பேரு போட்டுப்பாங்க. குளத்துலயும் அது நடக்கும். அதனால ஒருத்தரா முடிக்கவே முடியாத மாதிரி தடையை வடிவமைக்கணும். நேரம் பார்க்கக் கூடாது. மூச்சடக்கும் போட்டி கூடவே கூடாது, தண்ணிக்குள்ளேயே மயக்கம் வரும். பயிற்சியாளர் கண் பிள்ளைகள் மேலேயே இருக்கணும். வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷம் போதும்.

உங்க வீட்டுக் குட்டிகளைச் சேர்க்கும்போது, "எத்தனை நாள்ல நீந்துவாங்க?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "ஒருத்தரை ஒருத்தர் கரை சேர்க்கக் கத்துக்கொடுப்பீங்களா?"ன்னும் கேளுங்க.

அப்புறம், அடுத்த டூர்ல அருவியோ ஏரியோ பார்த்ததும் சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி நாமும் ஒண்ணு கேட்போம்: "மச்சி, கயிறு யார்கிட்ட இருக்கு?"